கடைசி வரிசைக்குத் தெரிகிறதா? ஸ்லைடு காட்சியின் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

ஸ்லைடு தயாரிப்பவர் மடிக்கணினிக்கு ஒன்றரை அடி தூரத்தில், வெளிச்சம் குறைந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். அதைப் பார்க்கப்போகிறவர் ஜன்னல்கள் திறந்த மண்டபத்தில், ஒரு தூணை ஒட்டி, முப்பது நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆசிரியர்கள், பூ விவசாயிகள், சுங்குடி உற்பத்தியாளர்கள், ஆய்வு மாணவர்கள் எனப் பலருக்கும் ஸ்லைடு திருத்திக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான் பிறக்கின்றன. மென்பொருளைக் குறைசொல்ல வேண்டிய இடங்கள் மிகச் சில.

ஆகவே அரங்கில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். மெனுப் பெயர்கள் பவர்பாயிண்ட் மென்பொருளுக்கு உரியவை. கூகுள் ஸ்லைட்ஸிலும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸிலும் பெயரும் இடமும் சற்று மாறும்; நோய் ஒன்றுதான்.

கடைசி வரிசையில் இருப்பவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள்

எழுத்தின் அளவை மாற்றுவதற்கு முன்னால் அரங்கை அளந்துகொள்ளுங்கள். திரையின் அகலம் எவ்வளவு? கடைசி நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? திரை 6 அடி அகலம், கடைசி நாற்காலி 36 அடி தூரம் என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர் திரை அகலத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளியிருக்கிறார். 14 அங்குல மடிக்கணினியின் திரை அகலம் ஏறத்தாழ 1 அடி. அதை மேசையில் வைத்துவிட்டு 6 அடி தள்ளி நின்று பாருங்கள். கடைசி வரிசைக்காரர் காணப்போவது அந்த அளவுதான். எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தருவதைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லித் தரும்.

கணக்காகவும் பார்க்கலாம். இப்போது வழக்கத்தில் உள்ள 16:9 ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளிகள் (எழுத்தளவின் அலகு; ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி). 6 அடி அகலத் திரையில் அந்த உயரம் 40 அங்குலம் அளவுக்கு விரிகிறது. 18 புள்ளி அளவில் அமைத்த வரிக்கு அதில் கிடைக்கும் இடம் 1.3 அங்குலம். கொம்பும் சுழியும் நீங்கலாக, தமிழ் எழுத்தின் உடல் பகுதி அதில் ஏறத்தாழ பாதிதான், 17 மில்லிமீட்டர் அளவு. 36 அடிக்கு அப்பாலிருந்து அதைப் படிப்பதும், கண் மருத்துவமனையில் 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பலகையின் 6/6 வரியைப் படிப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. பார்வை நன்றாக உள்ளவருக்கே அதுதான் எல்லை. பலகையில் எழுத்துகள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும்; நம் ஸ்லைடில் ‘கண்ணன்’, ‘அண்ணன்’ என்று சுழிகள் நெருக்கியடித்து நிற்கும். கண்புரை தொடங்கிவிட்ட பெரியவர்கள் அவையில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் உடல் வாசகத்துக்கு 28 புள்ளிக்குக் கீழே நான் இறங்குவதில்லை. தலைப்புக்கு 40. ஒரு படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கும் வரைபடத்தின் அச்சில் உள்ள எண்களுக்கும் இதே விதிதான். பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான்.

எழுத்து அளவு நீங்கள் அமைத்ததைவிடத் தானாகச் சிறுத்திருந்தால், அது மென்பொருளின் ‘உதவி’. பெட்டிக்குள் வாசகம் அடங்காதபோது பவர்பாயிண்ட் சத்தமில்லாமல் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போய் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸைத் திறந்தால், ‘ஆட்டோஃபார்மேட் அஸ் யூ டைப்’ பகுதியில் இரண்டு ‘ஆட்டோஃபிட்’ தேர்வுகள் இருக்கும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிறகு வாசகம் பெட்டியை மீறி வழியும். அந்த வழிசல் நல்ல எச்சரிக்கை. வாக்கியத்தைக் குறைக்க வேண்டும் அல்லது இன்னொரு ஸ்லைடுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அது சொல்கிறது.

ஸ்லைடின் அடிப்பகுதி முன்வரிசைத் தலைகளில் மறைகிறது

சமமான தரையில் நாற்காலி போட்ட கல்யாண மண்டபங்கள், கிராம சபை நடக்கும் கட்டடங்கள், பள்ளிக்கூட வராந்தாக்கள் எல்லாவற்றிலும் இது நடக்கும். திரையை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். முடியாவிட்டால் கீழ்ப் பகுதியில் கால்வாசியைக் காலியாக விடுங்கள். முக்கியமான எண்ணும் முடிவும் மேல் பாதியில் இருக்கட்டும். கீழே சின்னமும் தேதியும் பக்க எண்ணும் இருந்தால் போதும். மறைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

துணித் திரையாக இருந்தால் பக்கத்தில் சுழலும் ஸ்டாண்டு ஃபேனைத் திருப்பி வையுங்கள். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் அலையடிக்கும் திரையில் மெல்லிய கோடும் சிறு எழுத்தும் நிற்காது.

எழுத்து கட்டம் கட்டமாக, அல்லது புரியாத குறிகளாக வருகிறது

இதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று பார்த்தால் மருந்து தெரிந்துவிடும்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாக வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே அல்ல. தற்காலிகமாக எழுத்துருவை நிறுவித் தப்பிக்கலாம். நிலையான வழி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதுதான். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ உள்ள சொற்களையும் மேற்கோள் குறிகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பாமினிக் கோப்புகள் கைமாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிச் சேமிக்கும் பழக்கம்.

எழுத்து வருகிறது, ஆனால் ஒற்றைக்கொம்பு தனியாகவும் அதன் பக்கத்தில் புள்ளி வட்டமும் நிற்கிறது என்றால், எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை அந்த மென்பொருள் செய்யவில்லை. பழைய வடிவமைப்பு மென்பொருளிலிருந்து ஒட்டிய வாசகத்தில் இது வரும். ஒட்டியதை நீக்கிவிட்டு ஸ்லைடிலேயே நேராகத் தட்டச்சு செய்யுங்கள்.

மூன்றாவது வகைதான் பலரையும் குழப்புகிறது. எல்லாம் படிக்க முடிகிறது. வரிகள் மட்டும் இடம் மாறி, தலைப்பு மூன்று வரியாக உடைந்திருக்கிறது. நீங்கள் காலிப்ரியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். காலிப்ரியில் தமிழ் எழுத்தே கிடையாது. மென்பொருள் வேறொரு எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டியது. உங்கள் கணினி நிர்மலா யுஐ-யைக் கொடுத்திருக்கும், அரங்கத்தின் கணினி லதாவைக் கொடுத்திருக்கும். இரண்டின் அகலமும் வேறு. லதா, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வருகிறது; நிர்மலா யுஐ, விண்டோஸ் 8-இல் வந்தது. ஆகவே தமிழ் வாசகத்துக்குத் தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய எழுத்துருக்களே இரண்டு உண்டு: ஹிந்த் மதுரை, அரிமா மதுரை. இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸ் வழியாக வெளிவந்தவை. ஹிந்த் மதுரையில் கோடுகள் ஒரே சீராக, சுழிகள் நன்றாகத் திறந்து இருப்பதால் உடல் வாசகத்துக்கு நான் விரும்பி எடுப்பது அதைத்தான். அரிமா மதுரை வளைவும் அழகும் கூடியது. தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எப்போதும் நம்பலாம். ஒரு காட்சிக்கு இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். எழுத்துரு கோப்போடு பயணம் செய்யும். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுங்கள். எந்தக் கணினியிலும் அதில் வரி இடம் மாறாது.

வரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன; சுழிகள் அடைத்துக்கொள்கின்றன

‘கீ’-யின் விசிறியும் ‘கூ’-வின் வாலும் வரிக்கு வெளியே நீளும். வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்றிருந்தால் அவை வெட்டுப்படும் அல்லது அடுத்த வரியில் இடிக்கும். ‘மல்ட்டிபிள்’ என்று மாற்றி 1.1 அல்லது 1.2 கொடுங்கள்.

தடித்த எழுத்தைத் தலைப்போடு நிறுத்துங்கள். தடித்த வகை இல்லாத எழுத்துருவில் அந்தப் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் கோட்டை உப்ப வைத்துத் தானே ஒன்றைச் செய்யும். ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்றவற்றின் உள்வெளி அடைந்துவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்ந்த வகை கிடையாது. அழுத்தம் வேண்டுமானால் நிறத்தை மாற்றுங்கள். இரு ஓரமும் சமமாக இழுக்கும் அமைப்பையும் எடுத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரியில் மூன்று சொல் இருந்தால் நடுவே பள்ளம் விழும்.

மடிக்கணினியில் அழகாக இருந்த நிறம், திரையில் வெளுத்துப்போகிறது

புரொஜெக்டருக்குக் கறுப்பு நிறத்தைப் பாய்ச்சத் தெரியாது. கறுப்பு என்று நீங்கள் வைத்த இடத்தில் அது வெளிச்சம் பாய்ச்சாமல் விடுகிறது, அவ்வளவே. அந்த இடத்தில் அரங்கின் சொந்த வெளிச்சம் விழுகிறது. டியூப் லைட் எரியும், கிழக்கு ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில் உங்கள் கறுப்பு வெளிர்சாம்பலாகிவிடும். கருநீலப் பின்னணியில் வைத்த மஞ்சள் எழுத்தும், மெரூன் பின்னணியில் வைத்த ஆரஞ்சு எழுத்தும் ஒன்றாகக் கரைவது இதனால்தான்.

அரங்கை முழுதும் இருட்டாக்க முடியுமென்றால் இருண்ட பின்னணி வையுங்கள். புகைப்படங்கள் அதில் மின்னும். முடியாதென்றால், நம் ஊரில் பெரும்பாலும் முடியாது, வெள்ளை அல்லது மிக வெளிர்ந்த பின்னணியும் ஏறத்தாழ கறுப்பு எழுத்தும்தான் வழி. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள், சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5:1 என்ற ஒளிமாறுபாட்டைக் கேட்கின்றன. அது கண்ணுக்கு அருகிலுள்ள திரைக்கான அளவு. சுவரில் விழும் படத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எளிய சோதனை: வியூ மெனுவில் ‘கிரேஸ்கேல்’ என்பதை அழுத்துங்கள். நிறம் போய்ச் சாம்பலில் பார்த்தாலும் எழுத்து பளிச்சென்று நின்றால் தேறிவிட்டது. அடுத்து மடிக்கணினியின் திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

சுங்குடி உற்பத்தியாளர்கள் இதில் படும் சிரமம் தனி. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் உயிரே, நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்த அந்தச் சிறு வெள்ளைப் புள்ளிகள். முழுச் சேலையையும் விரித்து எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டால் புள்ளிகள் காணாமல்போய், வெறும் சிவப்புத் துணி தெரியும். வாங்க வந்தவர் அதை அச்சடித்த துணி என்றே நினைப்பார். ஸ்லைடு முழுவதையும் ஒரு கையகல இடத்துக்குக் கொடுங்கள். புள்ளிக்குப் புள்ளி சற்றே மாறுவதும், முடிச்சு அவிழ்த்த இடத்தின் மெல்லிய சுருக்கமும் தெரியட்டும். கையால் செய்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். முழுச் சேலையை அடுத்த ஸ்லைடில் காட்டலாம்.

படம் முழுவதும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது உங்கள் தவறல்ல. பழைய விஜிஏ கம்பியில் ஒரு ஊசி மடங்கியிருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். கழற்றி நேராகச் செருகுங்கள். கூடுமானால் எச்டிஎம்ஐ கம்பிக்கு மாறுங்கள். சுவரே திரையானால், அதன் பச்சை டிஸ்டெம்பர் எல்லா நிறத்திலும் ஏறும். வெள்ளை வேட்டி ஒன்றைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

படம் மங்கலாக, துகள் துகளாகத் தெரிகிறது

வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருக்கும். புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்லைடை முழுவதும் நிரப்பும் படத்துக்கு 1920-க்கு 1080 பிக்சல் இருந்தால் நல்லது. நல்ல படத்தைப் போட்டும் மங்கினால், சேமிக்கும்போது பவர்பாயிண்ட் சுருக்கியிருக்கலாம். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ‘டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படத்தைப் புதிதாக நுழையுங்கள். ஏற்கெனவே சுருங்கியது திரும்பி வராது.

படம் துல்லியமாக இருந்தும் காட்ட வந்தது தெரியாமல் போவது இன்னொரு வகை. கீழடியைப் பற்றி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களின் ஸ்லைடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறிய பானை ஓட்டின் படம் இருக்கும். மாணவர்களுக்கு ஓடு தெரியும், எழுத்து தெரியாது. ஓட்டின் நிறமும் கீறலின் நிறமும் ஒன்றே. மூன்று காரியம் செய்யுங்கள். எழுத்துள்ள பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள். அதன் பக்கத்தில், அதே அளவில், எழுத்தின் கோட்டை மட்டும் கறுப்பில் வரைந்து வையுங்கள். ‘ஃப்ரீஃபார்ம்’ கருவியால் படத்தின் மேலேயே தடம்பிடித்து வரைந்து நகர்த்திக்கொள்ளலாம். அதற்கும் கீழே இன்றைய எழுத்தில் ‘ஆதன்’ என்று எழுதுங்கள். மூன்றையும் ஒரே பார்வையில் காணும் பிள்ளை, தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆசிரியர் பேசாமல் இருப்பது நல்லது.

சமணர் மலை, மாங்குளம் போன்ற இடங்களின் கல்வெட்டுகளை நீங்களே படமெடுப்பதானால், வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் எழுத்தின் நிழல் விழாது. ஃப்ளாஷ் அடித்தாலும் அதே கதைதான்.

கோபுரம் குட்டையாகிவிட்டது, ஆட்கள் பருத்துவிட்டார்கள்

படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். மூலையைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போனதற்கு, படத்தைத் தேர்ந்தெடுத்து ‘ரீசெட் பிக்சர் அண்டு சைஸ்’ கொடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த அவையில் அதை அகலமாக இழுத்துக் காட்டினால் நீங்கள் சொல்லவந்த எதுவும் ஏறாது.

எல்லா ஸ்லைடும் ஒரே மாதிரி நசுங்கினால் ஸ்லைடின் விகிதம் பொருந்தவில்லை. பவர்பாயிண்ட் 2013 முதல் புதிய கோப்பு 16:9 விகிதத்தில் திறக்கிறது. கல்லூரிகளில் இன்னும் ஓடும் பழைய புரொஜெக்டர்கள் பல 4:3. எந்த விகிதம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, டிசைன் மெனுவில் ‘ஸ்லைடு சைஸ்’ மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதியில் மாற்ற நேர்ந்தால் ‘என்ஷூர் ஃபிட்’ தேர்ந்தெடுங்கள்; ஓரத்தில் எதுவும் வெட்டுப்படாது.

நீங்கள் பேசுகிறீர்கள், அவை படித்துக்கொண்டிருக்கிறது

எல்லாக் கோளாறுகளிலும் பெரியது இதுதான். மற்றவை கருவியின் கோளாறு. இது எண்ணத்தின் கோளாறு.

திரையில் வாசகம் விழுந்ததும் கண் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். படிக்கிற மனத்தால் அதே நேரத்தில் வேறொரு பேச்சைக் கேட்க முடியாது. படித்து முடித்தவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். முடிக்காதவர் நீங்கள் சொன்னதைத் தவறவிட்டார். இரு சாராரையும் இழக்கிறீர்கள்.

மல்லிகை விவசாயிகள் குழு ஒன்றின் ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: ‘மதுரை மல்லிகை – சவால்களும் வாய்ப்புகளும்’. கீழே ஒன்பது வரிகள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இதழ் தடிமனானது, மொட்டை விடியும் முன் பறிக்க வேண்டும், பனிக்காலத்தில் வரத்து குறைகிறது, விலை நிலையாக இல்லை, மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு, ஆள் பற்றாக்குறை, நறுமண எண்ணெய்க்குத் தேவை, குளிர்பதன வசதி வேண்டும். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்பதும் ஒரே அளவில், ஒரே குரலில் நிற்பதால் ஒன்றும் நெஞ்சில் தங்காது.

ஒவ்வொரு வரியிடமும் நான் கேட்கும் கேள்வி: இதைக் கண்ணால் பார்க்காவிட்டால் எது புரியாமல் போகும்? இதழின் தடிமன் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அதற்கு ஒரு முழு ஸ்லைடு: உள்ளங்கையில் மொட்டு, அருகிலிருந்து எடுத்த படம், எழுத்தே இல்லாமல். பனிக்கால வரத்தும் விலையும் ஒன்றுக்கொன்று எதிராக நகர்வதைக் கோடாகப் பார்த்தால்தான் உறைக்கும். அதற்கு ஒரு ஸ்லைடு. குளிர்பதன வசதி என்பது அவர்கள் அதிகாரியிடம் வைக்கும் கோரிக்கை. அது தனியாக, கடைசியில், ஒரே வரியில் நிற்க வேண்டும். புவிசார் குறியீடும் போக்குவரத்துச் செலவும் ஆள் பற்றாக்குறையும் வாயால் சொன்னால் போதும். விவசாயி தன் அனுபவத்தோடு சொல்லும்போது அதன் வலு தனி.

“தம்பி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நான் எதைப் பார்த்துப் பேசுவது?” என்று அந்தக் குழுவின் பெரியவர் கேட்டார். மிக நியாயமான கேள்வி. ஒன்பது வரிகளும் அவருக்குத்தான் தேவைப்பட்டன, அவைக்குத் தேவைப்படவில்லை. அவற்றை ஸ்லைடுக்குக் கீழே உள்ள ‘நோட்ஸ்’ பகுதியில் வைத்தோம். ‘பிரசன்டர் வியூ’ போட்டால் பேசுபவரின் கணினியில் மட்டும் அது தெரியும். ஆல்ட் விசையோடு எஃப்5 அழுத்தினால் ஒத்திகை பார்க்கலாம். கணினிப் பழக்கம் இல்லாதவர் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தலைப்பையும் மாற்றுங்கள். ‘விலை நிலவரம் – ஓர் ஆய்வு’ என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை. ‘பனி வந்தால் பூ குறைகிறது, விலை ஏறுகிறது’ என்று முழு வாக்கியமாக வையுங்கள். தாமதமாக உள்ளே வந்தவரும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் கதை முழுவதும் விளங்க வேண்டும். விளங்கவில்லையென்றால் ஸ்லைடுகளின் வரிசையில் கோளாறு. ‘ஸ்லைடு சார்ட்டர்’ பார்வைக்குப் போய் இடம் மாற்றுங்கள்.

அலுவலகத்தில் ஸ்லைடின் பிரதியைக் கேட்கிறார்கள், எல்லா விவரமும் அதில் இருக்க வேண்டும் என்கிறார்கள் என்றால், இரண்டு கோப்பு செய்யுங்கள். ஒன்று காட்ட, மற்றொன்று கொடுக்க. ஒரே கோப்பால் இரண்டு வேலையும் நடக்காது.

வரைபடம் போட்டும் யாருக்கும் விளங்கவில்லை

எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். நாற்பது எண்களை எவரும் படிக்கமாட்டார்கள். எந்த எண்ணைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அதை மட்டும் பெரிதாகப் போடுங்கள்.

கோட்டு வரைபடமானால் அவை ஏற்கெனவே அறிந்த ஒரு அளவை அதில் கட்டுங்கள். வைகை அணையின் நீர்மட்டத்தை மாதவாரியாகக் காட்டும்போது, முழுக் கொள்ளளவான 71 அடியில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். நாளிதழில் அணை நீர்மட்டம் பார்த்துப் பழகிய நம் மக்களுக்கு அந்தக் கோடு ஒன்றே போதும். எவ்வளவு பற்றாக்குறை என்பதைத் தாங்களே அளந்துகொள்வார்கள். பின்னணிக் கட்டக்கோடுகள், நிழல், முப்பரிமாணப் புடைப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நிறங்களுக்கான விளக்கத்தை மூலையில் ஒரு பெட்டியில் வைக்காமல், கோட்டின் முனையிலேயே பெயரை எழுதுங்கள். பட்டை வரைபடத்தின் அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். நடுவிலிருந்து தொடங்கினால் சிறு வேறுபாடு மலைபோல் தெரியும். அது பார்ப்பவரை ஏமாற்றுவது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்காதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா அவையிலும் இருக்கிறார்கள்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் அலைகிறது

ஸ்லைடுக்கு ஸ்லைடு தலைப்பு இடம் மாறுகிறதா, படம் ஒருமுறை இடத்திலும் ஒருமுறை வலத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். கோலத்துக்கு முதலில் புள்ளி வைப்பதுபோல, ஆல்ட் விசையோடு எஃப்9 அழுத்தி வழிகாட்டிக் கோடுகளை வரவழைத்து, நான்கு ஓரத்தையும் குறித்துக்கொண்டு பிறகு எதையும் வையுங்கள். தலைப்பின் இடம், எழுத்துரு, நிறம் ஆகியவற்றை வியூ மெனுவின் ‘ஸ்லைடு மாஸ்டர்’ பகுதியில் ஒரே ஒருமுறை அமைத்தால் எல்லா ஸ்லைடும் கட்டுப்படும். ஒவ்வொன்றாகத் திருத்துவது வீண் உழைப்பு.

ஒவ்வொரு ஸ்லைடிலும் பெரியதாக ஒரே ஒரு பொருள் இருக்கட்டும். நான்கு படங்களைச் சம அளவில் நான்கு மூலையில் ஒட்டுவதைவிட, ஒன்றைப் பெரிதாக்கி மற்ற மூன்றைத் தனி ஸ்லைடுகளுக்கு அனுப்புவது எப்போதும் மேல்.

எழுத்து பறந்து வருவதும் சுழன்று வருவதும் வேண்டாம். ‘அப்பியர்’ ஒன்று போதும், அதுவும் படிப்படியாக விளக்கும் இடத்தில் மட்டும்.

காணொளி ஓடவில்லை, அல்லது ஓடுகிறது, ஒலி வரவில்லை

இணைய இணைப்பாக வைத்த காணொளி, அரங்கில் சிக்னல் இல்லாவிட்டால் கறுப்புக் கட்டம்தான். எம்பி4 கோப்பாகக் கணினியிலிருந்து நுழையுங்கள். ஒலி வராததற்குப் பெரும்பாலான காரணம், எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி புரொஜெக்டருக்குப் போய்விடுவது. விண்டோஸின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி வெளியீட்டை மாற்றுங்கள்.

திரையில் எதுவுமே வரவில்லை. அல்லது நடுவில் எல்லாம் நின்றுவிட்டது

விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி ‘டூப்ளிகேட்’ தேர்ந்தெடுங்கள்; ‘பிரசன்டர் வியூ’ வேண்டுமானால் ‘எக்ஸ்டெண்ட்’. வராவிட்டால் புரொஜெக்டரில் ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய வழியைத் தேர்ந்தெடுங்கள்.

யாராவது கேள்வி கேட்டு, முன்னால் காட்டிய ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அம்புக்குறியால் பின்னோக்கி ஓடாதீர்கள். ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகும். எண்களைத் தாளில் குறித்து வைத்திருங்கள். சிறிது நேரம் முகம் பார்த்துப் பேச விரும்பினால் பி-யை அழுத்துங்கள், திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் திரும்பிவிடும்.

மின்சாரம் போனால் மடிக்கணினி ஓடும், புரொஜெக்டர் ஓடாது. மிக முக்கியமான மூன்று ஸ்லைடுகளை முழுத் தாளில் அச்சடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் எடுத்துப்போங்கள். பென் டிரைவில் கோப்பும் பிடிஎஃப் பிரதியும், கைபேசியில் இன்னொரு பிடிஎஃப் பிரதியும், உங்கள் மடிக்கணினிக்குப் பொருந்தும் எச்டிஎம்ஐ மாற்றியும் அதே உறையில் இருக்கட்டும். கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய், முதல் ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். படிக்க முடியாத வரியை அழிக்க அப்போதும் நேரம் இருக்கும்.